மீசையன் மறைத்த செம்மண் பொட்டு

பனங்காட்டுக் குளத்தங்கரையில் கீரிகள் சண்டை பழகிக்கொண்டிருந்தன. பொழுதுபோக்குக்காக இல்லை. அந்த வருஷம் ஒரு கருநாகம் வளைக்கு வளை நுழைந்து கீரிக் குட்டிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. மேட்டு வளையில் ஒரு குட்டிகூட மிச்சமில்லை. அங்கே இருந்த தாய்க்கீரி இன்னமும் வாசலில் உட்கார்ந்து வெறும் தரையை நக்கிக்கொண்டிருந்தது. குட்டிகள் படுத்திருந்த வாசனை அதில் கொஞ்சம் இருந்ததாம்.

கீரிகள் பழகும் முறை இதுதான். ஒரு கீரி பாம்பாக நிற்கும். அதன் வாயில் ஓர் ஆலம்விழுது இருக்கும். விழுதின் நுனியைச் செம்மண் குழம்பில் தோய்த்து எடுப்பார்கள். எதிரே நிற்கும் கீரி பாம்பைப் பிடிக்கப் பாயும். விழுது உடம்பில் எங்கே தொடுகிறதோ அங்கே சிவப்பாகப் பொட்டு விழும். பொட்டு விழுந்தால் கடிபட்டதாகக் கணக்கு. கடிபட்ட கீரி உடனே, "பட்டது!" என்று எல்லார் காதிலும் விழக் கத்தவேண்டும். பிறகு மல்லாந்து படுத்து, நாலு காலையும் தூக்கிச் செத்துக் கிடக்கவேண்டும். பார்ப்பவர்கள் சிரித்து முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது.

சிரிப்புக்குக் குறைவே இல்லை. ஒரு கீரி மூக்கில் பொட்டு வாங்கி, தும்மித் தும்மியே செத்தது. இன்னொன்று பாய்ந்த வேகத்தில் பாம்பைத் தாண்டிக் குளத்துக்குள் போய் விழுந்தது. சின்னான் என்ற கீரி தன் வாலையே மிதித்துக் குப்புற விழுந்து, விழுதை யாரும் வீசுவதற்கு முன்பே "பட்டது!" என்று கத்தியது. குளத்துத் தவளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

"டேய் சின்னான்! பாம்புக்கு வேலையே வைக்க மாட்ட போலிருக்கே!"

"சிரிங்க, நல்லா சிரிங்க! இங்க செத்தா எந்திரிச்சுக்கலாம்," என்று சின்னான் படுத்தபடியே சொன்னது.

சின்னானின் அண்ணன் மீசையன். அந்தக் கரையிலேயே பெரிய சண்டைக்காரன் என்று அதற்குப் பெயர். அது மட்டும் ஒருநாளும் செத்துப் படுத்ததில்லை. மண்ணில் புரண்டு காலைத் தூக்குவது தன் மீசைக்கு அழகில்லை என்று நினைத்தது.

ஒருநாள் காலையில் மீசையன் புதிதாக ஒரு பாய்ச்சலோடு வந்தது.

"எல்லாரும் பாருங்க! எகிறி, ஆகாசத்துலயே ஒரு சுத்து சுத்தி, பாம்புக்குப் பின்னால இறங்கணும். அது திரும்பிப் பாக்குறதுக்குள்ள கழுத்து நம்ம வாயில! சுழல் பாய்ச்சல்னு பேரு வச்சிருக்கேன்!"

"பாம்பா யாரு நிக்கிறது?" என்று சின்னான் கேட்டது.

"யாரு வேணா நில்லுங்கடா! எனக்கென்ன!"

சின்னானின் பெண்டாட்டி செம்பி முன்னால் வந்தது. அதன் வளையில் அப்போதுதான் நடக்கப் பழகிய மூன்று குட்டிகள் இருந்தன. பால் கொடுத்துக் கொடுத்துச் செம்பியின் உடம்பு பாதியாகியிருந்தது.

"குட்டிக்காரிகிட்டயா நான் மோதணும்?" என்று மீசையன் உதட்டைச் சுழித்தது.

"பாம்பு குட்டிக்காரி வீட்டுக்குத்தானே வருது மச்சான்!" என்று சொல்லிவிட்டுச் செம்பி விழுதைக் கவ்விக்கொண்டது.

மீசையன் எகிறியது. ஆகாசத்தில் சுற்றியது. சுற்றும்போது அதன் பின்பக்கம் செம்பியின் முகத்துக்கு நேராக வந்தது. செம்பி விழுதை வீசியது.

சொத்!

பொட்டு மீசையனின் பிட்டத்தில் விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் 'டர்ர்' என்று காற்றும் பிரிந்தது. சிரித்த சிரிப்பில் ஒரு தவளை இலையிலிருந்து தண்ணீருக்குள் உருண்டது. மீசையன் பொத்தென்று தரையில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவில்லை.

"பட்டது மச்சான்!" என்றது செம்பி.

"எங்க பட்டது? காட்டு பாப்போம்!"

"நீங்க எந்திரிச்சா காட்டுறேன்."

"இப்ப எந்திரிக்க முடியாது. அடுத்த பாய்ச்சலை யோசிச்சிட்டிருக்கேன்!"

"அப்ப அந்தச் சத்தம்?" என்று ஒரு தவளை கேட்டது.

"அது பாய்ச்சலோட சத்தம்! பாம்பு மிரளணும்ல!"

மீசையன் உட்கார்ந்தபடியே புல்பக்கம் நகர்ந்தது. அரக்கி அரக்கித் தேய்த்துக்கொண்டே போனது. கடைசியில் எழுந்து நின்றபோது பொட்டு பாதி அழிந்து தீற்றலாகத் தெரிந்தது.

"பாத்துக்கங்க! தரையில உக்காந்ததுல ஒட்டுன மண்ணு!"

"இங்க தரை கறுப்பு மச்சான். உங்க மேல இருக்கிறது சிவப்பு," என்றது செம்பி.

மீசையனின் காது மடல் துடித்தது. தம்பி பெண்டாட்டியிடம் பின்பக்கத்தில் அடி வாங்கி, அதை ஊர் முன்னால் கத்துவதா? கத்திவிட்டுத் தரையில் படுத்துக் காலைத் தூக்குவதா?

"படலைன்னா படலை!" என்று சீறியது.

சின்னான் இடையில் வந்தது. "விடு செம்பி. பட்டிருந்தா அண்ணனே சொல்லுவாரு. அவரு எதுக்குப் பொய் சொல்லப்போறாரு?"

செம்பி வாயை மூடிக்கொண்டது. மேலே பேச அதற்கும் கூச்சமாக இருந்தது. மற்ற கீரிகளும் மீசையனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "படலை, படலை" என்று தலையாட்டின.

கள்ளிப் புதருக்குள் கருநாகம் படுத்திருந்தது. கிளையில் இருந்த ஓணானிடம் அது மெல்லக் கேட்டது.

"பொட்டு எங்க விழுந்துச்சுன்னு பாத்தியா?"

"பின்னால விழுந்துச்சு. ஆனா அவங்க படலைன்னு சொல்றாங்களே!"

"அவங்க சொல்லிக்கட்டும். எனக்குப் பாத்ததே போதும்!"

அதற்குப் பிறகு கரை முழுக்கச் சுழல் பாய்ச்சல்தான். அடியே படாத பாய்ச்சல் என்று நம்பி, எதிரே பாம்பாக யாரையும் நிறுத்தாமல் எல்லாக் கீரிகளும் அதையே பழகின. சின்னான் எல்லாரையும்விட அதிகமாகப் பழகியது. செம்பி மட்டும் பழைய முறையை விடவில்லை. பாம்புக்கு முகத்தைக் காட்டி நிற்பது, ஒதுங்குவது, அது களைக்கும்வரை காத்திருப்பது. பார்க்க அழகில்லாத வேலை.

"நீயும் கத்துக்கயேன் செம்பி. குட்டிகளுக்குக் காவல் இருக்கிறவங்க கத்துக்கிட்டா நல்லதுதானே?" என்றது சின்னான்.

"எனக்கு மனசு ஒப்பலைங்க. அன்னைக்கு விழுது பட்டது என் வாய்க்குத் தெரியும்."

"அண்ணனைச் சந்தேகப்படாத!"

சொல்லிவிட்டுச் சின்னான் மறுபடி பழகக் கிளம்பியது.

வெயில் ஏறிய ஒரு நேரத்தில் செம்பி எலி பிடிக்கப் போயிருந்தது. சின்னான் வளை வாசலில் காவல் இருந்தது. சருகு அசைந்தது. கருநாகம் படத்தை விரித்துக்கொண்டு எழுந்தது.

"வழி விடு சின்னான். குட்டிகளைப் பார்த்துட்டுப் போறேன்!"

"என்னைத் தாண்டிப் போய்ப் பாரு!"

சின்னான் சத்தம் போட்டது. கீரிகள் ஓடிவந்தன. தவளைகள் கரையேறி நின்றன. மீசையனும் வந்துவிட்டது. ஆனால் வளையைச் சுற்றிக் கற்றாழை அடர்ந்திருந்தது. வாசலில் ஒருவர் நின்று சண்டை போடத்தான் இடம். மற்றவர்கள் வெளியே நின்று பார்க்கத்தான் முடிந்தது.

சின்னான் பதறவில்லை. பாம்பு கொத்தும்போதெல்லாம் ஒதுங்கியது. இடம், வலம், மறுபடி இடம். பாம்பின் படம் தாழத் தொடங்கியது. அதற்கு மூச்சு வாங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

கருநாகம் தந்திரமாகப் பேசியது.

"என்னப்பா, இப்படி ஆடுற கிழவி ஆட்டத்தையா உங்க அண்ணன் சொல்லிக் குடுத்தான்? அந்தச் சுழல் பாய்ச்சலைத்தான் நான் நினைச்சுப் பயந்துக்கிட்டே வந்தேன். உனக்கு அது வராதா? அப்ப நான் பிழைச்சேன்!"

சின்னானின் கண் மின்னியது. உடம்பைக் குறுக்கியது. எகிறப் போகிறது!

மீசையனுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. 'சுத்தாதே!' என்று கத்த வாயைத் திறந்தது. கத்தினால், ஏன் சுத்தக்கூடாது என்று கேட்பார்கள். சுற்றிலும் கீரிகள் நின்றன. தவளைகள் நின்றன. எலியைப் போட்டுவிட்டு ஓடிவந்த செம்பி பக்கத்திலேயே நின்றது.

திறந்த வாய் திறந்தபடி இருந்தது. சத்தம் வரவில்லை.

சின்னான் எகிறியது. அழகாகத்தான் சுற்றியது. கருநாகம் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்பக்கம் வரட்டும் என்று காத்திருந்தது. வந்ததும் தொடையின் மேல் பல்லைப் பதித்து, விடாமல் மென்றது.

செம்பி பாய்ந்தது. கற்றாழை முள் கிழிக்க உள்ளே புகுந்தது. பாம்பின் வாய் இன்னும் சின்னான் மேல் இருந்தது. செம்பி முன்னால் வந்து, தாழ்ந்து, அதன் தலையைத் தாடையோடு சேர்த்துக் கவ்வியது. எலும்பு நொறுங்கும்வரை விடவில்லை. கருநாகத்தின் உடம்பு மட்டும் வெகுநேரம் நெளிந்துகொண்டிருந்தது.

குட்டிகள் பிழைத்தன. சின்னானுக்குக் கால்கள் இழுக்கத் தொடங்கின. மீசையன் தம்பியின் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டது.

"அண்ணே…"

"பேசாதடா. பேசாத."

"நான்தான் எங்கயோ தப்பா சுத்திட்டேன் போல. நீங்க சொல்லிக் குடுத்தது சரியாத்தான் இருந்துச்சு. மத்தவங்க பயந்துடப் போறாங்க. பழகச் சொல்லுங்க."

"இல்லடா சின்னான். அது வந்து…"

மீசையன் சொல்வதற்குள் சின்னானின் கண் நிலைகுத்திவிட்டது. தவளை ஒன்று குனிந்து பார்த்துவிட்டு, மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கிப் போனது.

மறுநாள் செம்பி வளை வாசலில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. குட்டிகளுக்குச் சாவு என்றால் என்னவென்று தெரியவில்லை. அவை எகிறுவதும், சுற்றுவதும், பொத்துப் பொத்தென்று விழுவதுமாக இருந்தன. மீசையன் வந்ததும் மூன்றும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டன.

"பெரியப்பா! எங்களுக்கும் அப்பா சுத்துன மாதிரி சொல்லிக் குடுங்க! நாங்களும் பாம்பைப் பிடிக்கணும்!"

மீசையன் அந்தக் குட்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்தது. பஞ்சு மாதிரி இருந்தது. ஒரு பல் போதும்.

அது கரைக்குப் போய் எல்லாரையும் கூப்பிட்டது. கீரிகள் வந்தன. தவளைகள் வந்தன. மீசையன் எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றது.

"இந்த இடத்துலதான் பட்டது. அன்னைக்கே பட்டது. வெக்கப்பட்டு மறைச்சேன். நேத்து கத்தியிருந்தாலாவது தம்பி பிழைச்சிருப்பான். அதுவும் செய்யல. இனி யாரும் அந்தப் பாய்ச்சலைப் பழகாதீங்க."

சொல்லிவிட்டு அது மல்லாந்து படுத்தது. நாலு காலையும் தூக்கியது. யாராவது சிரிக்கமாட்டார்களா என்று காத்திருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. தவளைகள்கூட வேறு பக்கம் பார்த்தன.

செம்பி குட்டிகளை ஒன்றுசேர்த்துக்கொண்டு கிளம்பியது. போகும்போது ஒரு தரம் நின்றது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு சிரிப்போட போயிருக்கும் மச்சான்," என்று மட்டும் சொன்னது.

பழகும் இடத்தில் வாங்கிய அடியை வெட்கப்பட்டு மறைத்தால், நம்மை நம்பியவர்கள் அதற்கு உயிரைக் கொடுக்க நேரும்.