கோடு அசையாத கணினி

ஆசிரமத்து அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு கணினி. அதில் ஆண்டு மலரை வடிவமைக்கும் வேலை திருமேனியுடையது. மலரின் கோப்பைத் திறந்தால் பத்தே நிமிடத்தில் திரை உறைந்துவிடும்.

தன் மகள் சிந்துஜா தேர்ந்தெடுத்த மாப்பிள்ளை பிடிக்காமல், அவளிடம் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டு வீட்டைவிட்டு வந்தவர் திருமேனி. வந்து எட்டு மாதம். அவருடைய குரு பூரணி அம்மா, அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

திங்கட்கிழமை காலை திருமேனி கேட்டார்.

"அம்மா, வெள்ளிக்கிழமை சிந்துஜாவுக்குக் கல்யாணம். மூன்று முறை போன் செய்துவிட்டாள். என் கோபம் போய்விட்டது என்று உறுதியானால்தான் போவேன். மண்டபத்தில் வாய் தவறினால் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள். எப்படித் தெரிந்துகொள்வது?"

அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"கணினிக்கு ஏதோ கண்காணிப்பு மென்பொருள் வேண்டும் என்றீர்களே, போட்டாயிற்றா?"

"இல்லை."

"முதலில் அதைப் போடுங்கள்."

திருமேனி போட்டார். திரையின் மூலையில் ஒரு சிறிய கட்டம் வந்தது. நினைவகத்துக்கு ஒரு கோடு, சூட்டுக்கு ஒரு கோடு. பளு ஏறினால் கோடு சிவப்பாகும். அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

புதன்கிழமை மாலை அம்மா வந்தார்.

"எப்படி இருக்கிறது?"

"அற்புதம் அம்மா! இரண்டு நாளாக ஒரு தடவைகூட உறையவில்லை. பாருங்கள், கோடு அசையவே இல்லை."

"மலரில் எத்தனை பக்கம் முடிந்தது?"

திருமேனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னும் திறக்கவில்லை. திறந்தால் மறுபடியும் உறைந்துவிடுமோ என்று…"

"பாவம், அதற்கும் ஓய்வு வேண்டாமா?"

அம்மா குனிந்து மவுஸை எடுத்தார். மலரின் கோப்பைத் திறந்தார்.

கோடு செங்குத்தாக ஏறியது. உள்ளே மின்விசிறி இரைந்தது. கட்டம் முழுக்கச் சிவந்தது.

"மூடுங்கள் அம்மா, நின்றுவிடும்!"

அம்மா மூடவில்லை.

"உங்களுக்கு என்ன தெரியும் இதைப் பற்றி? தள்ளுங்கள்!"

வெளியே யாரோ பெருக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். "எது இவ்வளவு பளுவை ஏற்றுகிறது என்று அந்தக் கட்டம் சொல்லுமா?"

திருமேனி கட்டத்தைச் சொடுக்கிப் பட்டியலைத் திறந்தார். கொஞ்ச நேரம் படித்தார்.

"படங்கள்தான். நாற்பது படத்தையும் முழு அளவிலேயே வைத்திருக்கிறேன்."

"சின்னதாக்கலாமா?"

"ஆக்கலாம்."

ஒவ்வொன்றாகச் சின்னதாக்கினார். மின்விசிறியின் இரைச்சல் குறைந்தது. முதல் பக்கம் நகர்ந்து இரண்டாம் பக்கம் வந்தது.

அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கோபம் போகவில்லை அம்மா. நீங்களே பார்த்துவிட்டீர்கள். இனி நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது, இல்லையா?"

"இந்தக் கணினியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?"

"எதற்கு? இப்போதுதானே எது என்று தெரிந்தது!"

அம்மா வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நாளைக் காலை ஏழரைக்கு ஒரு பஸ் இருக்கிறது. சட்டையைத் தேய்த்து வையுங்கள்."