கூகைக்கு ஒரு காது மேலே, ஒரு காது கீழே

பறவைகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில் கூகையும் பகலில்தான் இரை தேடியது. கண் கூர்மையாக இருந்ததால், ஒரே மட்டத்தில் இருந்த தன் இரண்டு காதுகளை அது பெரிதாக எண்ணியதில்லை.

ஓர் ஐப்பசியில் கொல்லிமலை மேல் மூடுபனி இறங்கியது. எட்டு நாளாகியும் விலகவில்லை. இரை தேடப் போன ஆண் கூகை பாறையில் மோதிச் செத்தது. பொந்தில் இருந்த மூன்று குஞ்சுகளில் ஒன்று பசியில் அடங்கிவிட்டது. கீழே சருகுக்குள் எலி ஓடுவது தாய்க்கூகைக்குக் கேட்டது. பாய்ந்தால் வெறும் மண்தான் நகத்தில் வந்தது.

பக்கத்து மரத்து மரங்கொத்தியை அது கூப்பிட்டது. "அண்ணே, எங்கேயாவது உட்கார்ந்து தட்டுங்க. சத்தத்தை வச்சுத் தேடி வரப் பழகிக்கிறேன்."

"முட்டிச் செத்துப்போவே, தங்கச்சி."

"பொந்திலேயே இருந்தா மட்டும் பிழைச்சிடுவோமா?"

மரங்கொத்தி தட்டியது. கூகை அன்று முழுக்க மரங்களில் மோதி நெஞ்சு வீங்கியது. மறுநாளும் வந்தது. அப்போதுதான் ஒன்று பிடிபட்டது: ஓசை வலக் காதுக்குத் துளி முந்தியும் இடக் காதுக்குத் துளி பிந்தியும் வந்தது. தலையை மெல்லத் திருப்பியது. இரண்டு ஓசையும் ஓடிவந்து தலைக்கு நடுவில் ஒரே கணத்தில் சந்தித்ததும் பறந்தது. மரம் சரியான மரம். ஆனால் மரங்கொத்தி ஐந்து முழம் மேலே இருந்தது.

"திசை தெரியுது, உயரம் தெரியல," என்றது கூகை. "காது ரெண்டும் ஒரே மட்டத்தில இருந்தா எப்படித் தெரியும்? உங்க அலகால இடக் காதுத் துளையை மேலே ஏத்தி, கீழே பார்க்கிற மாதிரிக் கொத்துங்க."

"செவிடாயிட்டா?"

"குஞ்சுங்க கத்துறது நின்னப்புறம் காது எதுக்கு அண்ணே?"

மரங்கொத்தி அலகை ஓங்கியது. கொத்தி முடிக்கும்வரை கூகை முனகவும் இல்லை. ரத்தம் காயுமுன் கிளை நுனிக்கு வந்து அமர்ந்தது. இப்போது கீழிருந்து வரும் ஓசை இடக் காதிலும், மேலிருந்து வருவது வலக் காதிலும் ஓங்கிக் கேட்டது.

ஒரு சருகு அசைந்தது. கூகை முகத்தைத் திருப்பியது, சற்றே சாய்த்தது, பாய்ந்தது. நகத்தில் எலி துடித்தது. குஞ்சுகள் இரண்டும் பிய்த்துத் தின்றன.

அன்று முதல்தான் கூகைக்கு ஒரு காது மேலேயும் ஒரு காது கீழேயும் அமைந்தன. பனி விலகியபிறகும் அது பகலைத் தேடவில்லை. இன்றைக்கும் இருட்டில் ஏதாவது அசைந்தால் முதலில் அதன் முகம்தான் திரும்பும். இரண்டு ஓசையும் தலைக்குள் ஒன்றுசேரும் வரை சிறகு விரியாது.