தேர்க்கட்டை உலகநாதர்

“தாத்தா, நீ நில்லுன்னா இந்தத் தேரு நிக்குமா?” என்று ஒரு பூக்காரியின் மகள் உலகநாதரைக் கேட்டாள். “நிக்கும் தாயி” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அந்தப் பதில் பின்னாளில் அவரை முள்ளாகக் குத்தியது.

கொன்றையூர் ஈசனின் தேருக்குக் கட்டை போடுவது உலகநாதரின் திருப்பணி. ஓடும் சக்கரத்தோடு கூடவே குனிந்து நடக்க வேண்டும். வேகம் மிஞ்சினால் புளியங்கட்டையை அடியில் கொடுத்து அடக்க வேண்டும். வீதி முனையில் ஒருபுறம் மட்டும் கட்டை வைத்துத் திருப்ப வேண்டும். வைத்த மறுகணம் கையை எடுக்காவிட்டால் கை போய்விடும். மனைவியை இழந்து, பிள்ளையும் இல்லாமல், மேலவீதி முனையில் ஒரு குடிசையில் தனியே வாழ்ந்தவருக்கு அந்தப் பணி ஒன்றே உறவு. கட்டைகளைச் செதுக்கி, வெயிலில் காயவைத்து, திருநீறு இட்டு வணங்கி வைப்பார்.

ஓராண்டு அவருக்குக் காய்ச்சல் கண்டதால், கட்டை செய்யும் பொறுப்பைத் தங்கை மகன் வைரவனிடம் விட்டார். அவன் சோம்பலில் நாளைக் கடத்திவிட்டு, கடைசி நேரத்தில் பச்சை மரத்தை வெட்டிச் செதுக்கினான். தேரன்று நெரிசலில் கையில் வாங்கிய கட்டை ஈரமாக இருப்பதை உலகநாதர் உணர்ந்தபோது சக்கரம் அதன்மேல் ஏறிவிட்டது. கட்டை வழுக்கியது. தேர் சறுக்கி மண்டபத் தூணில் மோத, கலசம் கீழே விழுந்தது.

ஊர் உலகநாதரைப் பழித்தது. வைரவன் வாய் திறக்கவில்லை. அவன் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அவரும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோயிலார் அவரை விலக்கி, அந்தப் பணியை வைரவனுக்கே கொடுத்தார்கள்.

“என்ன பெரியவரே, தேரு உங்கள விட்டுட்டுப் போயிடுச்சாமே?” என்று குளக்கரையில் ஒருவன் சிரித்தான்.

“அது எப்பவும் தன்பாட்டுக்குத்தான்யா போச்சு. நான்தான் கூட நடந்தேன்.”

சொல்லிவிட்டாரே தவிர, வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. தாம் இல்லாமல் தேர் முனை திரும்பாது என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. திரும்பாமல் நிற்க வேண்டும் என்று ஓர் ஆசையும் இருந்தது. அதைக் கண்டு அவரே கூசினார். “உன் தேர நான் பிடிச்சு வச்சிருக்கேன்னு நெனச்சேனே, சாமி” என்று தனியே அழுதார்.

மறு ஆண்டுத் திருவிழாவுக்கு முன் வைரவன் வந்து வாசலிலேயே நின்றான்.

“மாமா, அன்னிக்கு நான் செஞ்சதுக்கு நீங்க...”

“அத விடு. இந்தத் தடவை கட்டை காஞ்சுதா?”

“மாசி முழுக்க வெயில்ல கெடந்துச்சு. இருந்தாலும் பயமா இருக்கு மாமா.”

“வைக்கிறது உன் வேலை. வச்சதும் கைய எடுத்துடு. அப்புறம் அவன் பாடு.”

அவனுக்குச் சொன்ன சொல் அவர் நெஞ்சிலும் இறங்கியது. அன்று வயிறார உண்டு உறங்கினார்.

தேரன்று வாசலைப் பெருக்கி, நீர் தெளித்துக் காத்திருந்தார். தேர் வந்தது. அவர் இல்லாமலே முனையில் அழகாகத் திரும்பியது. நெஞ்சு வலிக்கும் என்று எதிர்பார்த்தார், வலிக்கவில்லை. “நல்லாத் திருப்பிட்டான்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

திரும்பிய தேர், யாரும் கட்டை போடாமலே, அவர் குடிசைக்கு எதிரே நின்றது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. வெயில் ஏறிவிட்டது என்று எல்லாரும் வடத்தைப் போட்டுவிட்டு நீர்மோர்ப் பந்தலுக்குப் போனார்கள். தேர்மேலிருந்த குருக்களும் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தார்.

வீதியில் ஒருவரும் இல்லை. உலகநாதர் நிமிர்ந்து பார்த்தார். இளமை முதல் தேரோடு நடந்தவர்தான். ஆனால் சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாததால், தேரில் வீற்றிருக்கும் ஈசனின் திருமுகத்தை ஒரு முறைகூடக் கண்டதில்லை. அத்தனை ஆண்டுகளாகப் பாக்கியாக நின்ற தரிசனத்தை, ஈசன் அவர் வாசலுக்கே கொண்டுவந்து, சாட்சி ஒருவரும் இல்லாத வேளையில் முழுவதுமாகத் தீர்த்தருளினான்.

மோர் குடித்து வந்தவர்கள் வடத்தைத் தொட்டதும் தேர் நகர்ந்தது. உலகநாதர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆளற்ற வீதியில் கூப்பியபடி நின்ற அந்தக் கைகளை நாமும் வணங்குவோம்.