இடிமுழக்கத்துக்கு ஒரு தனி ஸ்பீக்கர்

எங்க ஊர்ப் பேச்சாளர் சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு ‘இடிமுழக்கம்’ என்று பட்டம். அவரே வைத்துக்கொண்டது. போன கூட்டத்தில் மைக்கைக் கடிக்கிற மாதிரி பிடித்து, “பெரியோர்களே!” என்று ஒரு கத்துக் கத்தினார். ரெண்டு ஸ்பீக்கர் கிழிந்தது. கோயில் புறாவெல்லாம் அடுத்த ஊருக்குக் குடிபோய்விட்டது.

இந்தத் தடவை மைக்செட் மரியபுஷ்பம் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். சத்தம் திடீரென்று எகிறினால் அமுக்கி அனுப்புகிற பெட்டி.

அண்ணாச்சி குதித்தார். “என் குரலை அமுக்க நீ யாரு? கத்துறது கத்துறபடியே வரணும். ஸ்பீக்கரும் கிழியக் கூடாது, ஒருத்தரும் காதைப் பொத்தக் கூடாது. பொத்தினா உன் செட்டு இனி இந்த ஊர்ல ஏறாது!”

“சரி அண்ணாச்சி. ஆனா உங்க முழுக் குரலையும் தாங்க இந்தச் சனங்களுக்குத் தெம்பு ஏது? அவங்களுக்குப் பெட்டி வழியாப் போகட்டும். அமுக்காத குரலுக்குன்னு உங்களுக்கு மட்டும் மேடையில தனி ஸ்பீக்கர் வைக்கிறேன்.”

‘தனி’ என்றதும் அண்ணாச்சி குளிர்ந்துபோனார். “காதுக்குப் பக்கத்துலயே வை!”

வைத்தாள்.

“பெரியோர்களே!”

மறுநொடி அண்ணாச்சி ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு மேடையில் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் ஒருத்தர் கையும் காதுக்குப் போகவில்லை.

எழுந்தவர், தொட்டில் பிள்ளை முழித்துவிடுமோ என்கிற மாதிரி மெதுவாகப் பேசினார். முதல்முறையாக அவர் பேச்சு ஊருக்குப் புரிந்தது. புரிந்ததும் ஆளாளுக்கு எழுந்தார்கள்.

“ஆறே இல்லாத ஊருக்குப் பாலம் எதுக்கு அண்ணாச்சி?”

வேர்த்து விறுவிறுத்து இறங்கியவர் நேராக மரியபுஷ்பத்திடம் வந்தார்.

“தாயே, அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கிழிஞ்ச ஸ்பீக்கரையே கட்டிரு!”