வாங்காத மிஷின் எடுத்த குப்பை

பூலுடையார் அண்ணாச்சியைக் கொம்பையா உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அண்ணாச்சி தன் காரின் பின் சீட்டில் சாய்ந்து, மடியில் காராச்சேவுப் பொட்டலத்தை வைத்துத் தின்றுகொண்டே வந்தார். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் மடியில் பொட்டலம் இருந்ததை மறந்து எழுந்தார். சேவு முழுதும் சீட்டில் கொட்டியது. கொம்பையா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தட்டப் போனான்.

"தட்டாதடே," என்றார் அண்ணாச்சி. "துண்டு, தொடப்பம், கை, ஒண்ணும் வேண்டாம். நீங்க தட்டித் தட்டித்தான் சீட்டுத் துணி நூல்நூலா நிக்கி. கார் உள்ள சுத்தம் பண்ணுததுக்குன்னே கையில புடிக்கிற வேக்கம் கிளீனர் மிஷின் வந்திருக்காம்லா. நல்லதா ஒண்ணு பாத்து வாங்கி, அதால எடுங்க. மிஷின் எடுக்காம ஒரு துகளும் இந்த வண்டிய விட்டு இறங்கப்படாது. சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தவர் மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. டாக்டர் மாரடைப்பு என்றார். கொம்பையா இரண்டு நாள் காராச்சேவுமேல் சந்தேகமாக இருந்தான். பிறகு, சீட்டில் கொட்டின சேவு நெஞ்சை எப்படி அடைக்கும் என்று யோசித்து, டாக்டரை நம்பினான்.

அண்ணாச்சிக்கு இருந்தது ஒரே கார். வாடகைக்கு விட்டிருந்தார். அதற்கு டிரைவர்கள் மூன்று பேர்: மூத்தவன் கொம்பையா, அடுத்து சொரிமுத்து, அப்புறம் உச்சிமாகாளி. வேலைக்குச் சேர்த்த அன்று அண்ணாச்சி, "மூணு பேரும் வண்டியப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லியிருந்தார். அதனால் எந்தச் சவாரிக்கும் மூன்று பேரும் போனார்கள். ஒருவன் ஓட்டுவான். ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பான். ஒருவன் பின்னால் உட்கார்ந்து பயணியைப் பார்ப்பான்.

ஐந்தாம் நாள், அண்ணாச்சியின் மனைவி ஆவுடையம்மாள், டிரைவர்களுக்கு மதினி, மூன்று பேரையும் கூப்பிட்டு அனுப்பினாள். பக்கத்தில் அவள் தம்பி தளவாய் நின்றான். துக்கத்துக்கு வந்த நாளிலிருந்து அவன் காரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொம்பையா, அவுக கடைசியா உங்கிட்ட என்னடே சொன்னாக?"

கொம்பையா ஒரு சொல் விடாமல் சொன்னான்.

மதினி தம்பியிடம், "பதினாறாம் நாள் விசேஷம் முடியட்டும். முடிஞ்சதும் நானே போய்ப் பாப்பேன். அவுக சொன்னபடி மிஷின் வாங்கி, வண்டி உள்ள சுத்தமா இருந்தா வண்டி இவனுககிட்டயே ஓடட்டும். இல்லன்னா அன்னைக்கே நீ ஓட்டிட்டுப் போ," என்றாள்.

இருபத்திரண்டு வருஷமாகக் கொம்பையா அந்த ஒரு காரைத்தான் ஓட்டியிருக்கிறான். ஒரு தடவை கல்யாண வீட்டில் யாருடைய காரையோ தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். அதில் பிரேக்கைத் தேடிக்கொண்டே பந்தலுக்குள் போய் மூன்றாவது வரிசையில் நின்றான். இந்தக் கார் போனால் அவனுக்கு வேறு கார் இல்லை.

அன்றிலிருந்து அண்ணாச்சி வாக்கை மூன்று பேரும் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். மறுநாள் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் பேங்குக்குச் சவாரி வந்தார். இறங்கிப் போகும்போது அவர் வேட்டியின் பின்பக்கம் இரண்டு சேவு ஒட்டியிருந்தது. சொரிமுத்து பேங்குக்குள் பின்னாலேயே ஓடி, வரிசையில் நின்றவரின் வேட்டியிலிருந்து இரண்டையும் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

"எங்க இருந்துச்சு இது?"

"இடப்பக்கம்லா?"

"ஒண்ணு இடப்பக்கம். ஒண்ணு நடுவுல."

அதனதன் இடத்தில் வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் காரில் பயணி யாரும் ஏறவில்லை.

ஏழாம் நாள் மதினியிடம் பணம் வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். மிஷின் கடை வைத்திருந்த தாவூது பாய் முப்பது வருஷம் வியாபாரம் பண்ணினவர். பொறுமைசாலி.

"கார் உள்ள சுத்தம் பண்ணவா? என்ன மாதிரி குப்பை? மணலா, முடியா, திங்கிற சாமானா? குப்பையப் பாத்தாத்தான் எந்த மிஷின்னு சொல்ல முடியும்."

"குப்பை வண்டியில இருக்கு பாய். வண்டி வெளிய நிக்கி."

"அப்ப அதுல கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெளியே வந்து காரைச் சுற்றி நின்று ஆலோசித்தார்கள்.

"மிஷின் எடுக்காம ஒரு துகளும் வண்டிய விட்டு இறங்கப்படாது," என்றான் கொம்பையா. "குப்பையக் காட்டாம மிஷின் வாங்க முடியாது. மிஷின் வாங்காம குப்பைய எடுக்க முடியாது. என்ன செய்ய?"

உச்சிமாகாளி மோவாயைத் தடவினான். "அண்ணே, குப்பை எதுமேல இருக்கு?"

"சீட்டுமேல."

"சீட்டக் கழத்தி அப்படியே தூக்கிட்டுப் போவோம். சீட்டுதான வண்டிய விட்டு இறங்குது? குப்பை சீட்ட விட்டு இறங்கலல்லா."

கொம்பையா அவனை நிமிர்ந்து பார்த்தான். இவ்வளவு மூளை உள்ளவனை இத்தனை வருஷம் பின்னாலேயே உட்கார வைத்துவிட்டோமே என்று இருந்தது.

ஸ்பானர் வாங்கிச் சீட்டைக் கழற்றினார்கள். கொம்பையா ஒரு முனை, உச்சிமாகாளி ஒரு முனை, சாமி சப்பரம் தூக்குவதுபோல் அலுங்காமல் தூக்கினார்கள். சொரிமுத்து முன்னால் போய், "யாரும் தும்மிராதீக, யாரும் தும்மிராதீக," என்று வழி விலக்கினான்.

தாவூது பாய் சீட்டையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் முதல் மிஷினை எடுத்து ஓட்டிக் காட்டினார். சீட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இழுத்தார். மணல், முடி, சேவு எல்லாம் உள்ளே போய்விட்டது.

"இதுக்கு சார்ஜ் வேண்டாம். கார்ல சிகரெட் பத்தவைக்கிற ஓட்டையில சொருகிட்டா ஓடும். வயர் பதினஞ்சு அடி."

"எங்க கார் பதிமூணு அடிதான் பாய்," என்றான் சொரிமுத்து. "மிச்ச ரெண்டு அடிய எங்க கொண்டுபோய் வைக்க?"

அது வேண்டாம் என்று முடிவானது. பாய் மிஷின் டப்பாவைத் திறந்து குப்பைத் தொட்டிப் பக்கம் போனார். கொம்பையா அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாய், அது எங்க குப்பை."

பாய் டப்பாவைச் சீட்டின்மேலேயே கவிழ்த்துத் தட்டினார்.

இரண்டாவது மிஷின் பெரியது. போட்டதும் கடையிலிருந்த அட்டைப்பெட்டிகள் அதிர்ந்தன. சீட்டு மறுபடியும் துடைத்துவிட்டதுபோல் ஆனது.

"இழுவை இதுலதான் ஜாஸ்தி. இடுக்குல இருக்கறதையும் விடாது."

"சத்தம் ஜாஸ்தியா இருக்கு பாய்," என்றான் உச்சிமாகாளி. "இதக் கேட்டா இடுக்குல இருக்கது பயந்து இன்னும் உள்ள போயிரும்."

பாய் தானாகவே டப்பாவைச் சீட்டில் கவிழ்த்தார். மூன்றாவது மிஷினை எடுத்தார். கைக்கு அடக்கமாக இருந்தது. வயர் இல்லை, சார்ஜ் போடுவது. முன்பக்கம் கண்ணாடிபோல் டப்பா. சீட்டிலிருந்து சேவு ஒவ்வொன்றாக அதற்குள் போய் விழுவது வெளியே தெரிந்தது.

"இதான்," என்றான் கொம்பையா. "நம்ம குப்பை பத்திரமா இருக்கான்னு பாத்துக்கிடலாம்."

பாய் சீட்டைக் காட்டினார். "இப்ப சுத்தமாத்தான இருக்கு? இப்படியே கொண்டுபோய் மாட்டிருங்களேன்."

"அது எப்படி பாய்?" என்றான் கொம்பையா. "இது இன்னும் வாங்காத மிஷின்லா. அண்ணாச்சி வாங்கி எடுக்கச் சொல்லியிருக்காக. வாங்காத மிஷின் எடுத்த குப்பை, எடுத்த குப்பை ஆகாது."

தாவூது பாய் சற்று நேரம் ஃபேனைப் பார்த்தார். பிறகு டப்பாவைச் சீட்டில் கவிழ்த்துவிட்டுப் புது மிஷினைப் பெட்டியோடு கொடுத்தார். "முதல் தடவை விடாம அஞ்சு மணி நேரம் சார்ஜ் போடுங்க. பச்சை விளக்கு எரிஞ்சதும் எடுங்க. டப்பா நெறஞ்சா உடனே காலி பண்ணிரணும். மறந்துராதீங்க, உடனே."

ஊருக்கு வந்து சீட்டை மாட்டி, அண்ணாச்சியின் கார் ஷெட்டில் மிஷினுக்குச் சார்ஜ் போட்டார்கள். நாலே முக்கால் மணி நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

"கால் மணி நேரந்தான மிச்சம்? கரண்ட் வந்ததும் போட்டுருவோம்," என்றான் சொரிமுத்து.

மற்ற இருவரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "விடாமன்னு சொன்னாருல்லா?"

முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு உள்ளே ஏறின கரண்ட்டை இறக்க வேண்டும். மிஷினை ஆகாயத்தைப் பார்க்கப் பிடித்து, அது ஓய்கிறவரை ஓட்டினார்கள். மறுநாள் நாலு மணி நேரத்தில் கரண்ட் போயிற்று. மறுபடி ஆகாயத்தைப் பார்க்க ஓட்டினார்கள். ராத்திரியில் போடலாம் என்றால், எல்லாரும் தூங்கும்போது பச்சை விளக்கு எரிந்து அது யாருக்கும் தெரியாமல் போய்விட்டால்? இப்படியே ஒன்பது நாள் போனது. ஷெட்டுக்கு மேலே அத்தனை சுத்தமான ஆகாயம் அந்த ஊரில் வேறெங்கும் இல்லை என்று உச்சிமாகாளி சொன்னான்.

பதினாறாம் நாளும் வந்தது. அன்று லைன்மேனின் பேத்திக்குக் காதுகுத்து. கரண்ட்டை நிறுத்த ஆள் இல்லை. விடியற்காலை போட்ட சார்ஜ் தொடர்ந்து ஏறி, பத்தரை மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

வீட்டுக்குள் விசேஷம் முடிகிற சத்தம் கேட்டது. கொம்பையா மிஷினைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கினான். சீட்டு, சீட்டு இடுக்கு, கால் மிதி, கதவுப் பை எல்லாம் இழுத்தான். ஐந்து நிமிஷத்தில் வண்டி உள்ளே பளிச்சென்று ஆகிவிட்டது. கால் மிதி நீல நிறம் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

"டப்பா நெறஞ்சிருச்சுண்ணே," என்றான் சொரிமுத்து. "உடனே காலி பண்ணணும்."

"எங்க பண்ண?"

"கடையில பாத்தோம்லா? பாய் மூணு தடவ செஞ்சு காட்டினாரே. சீட்டுமேலதான்."

முப்பது வருஷ அனுபவம் உள்ளவர் செய்து காட்டியது. கொம்பையா டப்பாவைச் சீட்டின்மேல் கவிழ்த்துத் தட்டினான். பார்த்தால் சீட்டில் குப்பை. மறுபடி இழுத்தான். மறுபடி டப்பா நிறைந்தது. மறுபடி கவிழ்த்தான்.

மூன்றாம் தடவை இழுத்து முடிக்கும்போது ஜன்னலில் நிழல் விழுந்தது. மதினி நின்றாள். பின்னால் தளவாய் நின்றான். மதினி தலையை உள்ளே நீட்டிச் சீட்டைப் பார்த்தாள், கால் மிதியைப் பார்த்தாள், இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கொம்பையாவின் கையில் டப்பா நிறைந்திருந்தது. அவனுக்கு உள்ளே ஏதோ ஒன்று இடித்தது. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

"மதினி பாத்துக்கிட்டு இருக்காகடே," என்று மெதுவாகச் சொன்னான். "இப்பப் பண்ணணுமா?"

"உடனேன்னு சொல்லியிருக்காரு," என்றான் உச்சிமாகாளி. "மதினி பாக்கும்போதே தப்பு பண்ணப் போறீகளா?"

அது நியாயமாகப் பட்டது. கொம்பையா டப்பாவைக் கவிழ்த்து, ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் விடாமல் தட்டினான்.

"என்னடே பண்ணுத?" என்றாள் மதினி.

"காலி பண்ணுதேன் மதினி."

மதினி கதவைத் திறந்தாள். அந்தக் குப்பைமேலேயே உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சொரிமுத்து அதைப் பார்த்துத் தானும் அழத் தொடங்கினான். கொஞ்ச நேரம் கழித்து அவள் தலைப்பை எடுத்தபோதுதான் தெரிந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது. சொரிமுத்துவுக்கு நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"பாத்தியாக்கா லெச்சணத்த?" என்றான் தளவாய். "சாவியக் குடு. நான் கிளம்புதேன்."

"எதுக்கு? நான் பாக்கும்போது சுத்தமாத்தான இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவா நான் பாக்க வந்தேன்? வந்தேன், பாத்தேன், ஒரு தூசி இல்ல. உங்கிட்டக் குடுத்தா அடுத்த மாசமே எவனுக்காவது வித்துருவ. இவனுகளுக்கு விக்கவே தெரியாது. நீ பஸ்ல போ."

தளவாய் பஸ்ஸில் போனான்.

கொம்பையா மறுபடி மிஷினைப் போடக் கையைக் கொண்டுபோனான். மதினி இறங்கிச் சேலையைத் தட்டிக்கொண்டே, "ஏல, அந்த மிஷின அப்படியே வை," என்றாள். "நான் சொல்லுத வரைக்கும் எவனும் அதத் தொடப்படாது." மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவள் தான் சொன்னதை மறந்துவிட்டாள்.

கொம்பையா மிஷினை வைத்தது பின் சீட்டின் நடுவில், அந்தக் குப்பைமேலேயே. அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. வளைவில் உருளாமலிருக்க அதற்கு பெல்ட் போட்டிருக்கிறார்கள். தொடாமல் பெல்ட் போட மூன்று பேருக்கும் ஒரு வாரம் பிடித்தது. முன்னால் கொம்பையாவும் சொரிமுத்துவும். பின்னால் உச்சிமாகாளி, நடுவில் மிஷின். அந்தப் பக்க ஜன்னலோரம் ஒரு பயணி தாராளமாக உட்காரலாம்.