ஜமீன்தார் மீசையில் ஒட்டிய இங்கிலீஷ்

செங்கமேட்டு ஜமீன்தாரை ஒருநாள் இங்கிலீஷ் பேய் பிடித்துக்கொண்டது. துரை ஒருவர் அவருக்கு ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்திருந்தார்: 'அட்ஹியர்'. ஒட்டிக்கொள்வது என்று அர்த்தமாம், லத்தீனிலிருந்து வந்ததாம் என்று வேலைக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்தார். அன்றைக்கே அவருக்குத் தமிழ் கசந்துபோயிற்று.

"இனிமேல் இந்த அரண்மனையில் தமிழில் யார் எதைக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது!"

வேலைக்காரர்கள் சைகையிலேயே சோறு கேட்டார்கள். சமையற்காரன் பொன்னுரங்கம் மட்டும் வாய்தவறி "உப்பு" என்று கேட்டு மாட்டிக்கொண்டான்.

"அட்ஹியருக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது, சொல்லுடா. தமிழில் ஒரு வார்த்தை வந்தாலும் வேலை போச்சு!"

பொன்னுரங்கம் கும்பிட்டுவிட்டுப் போய், அப்போதுதான் பிளந்த பலாப்பழத்தின் நடுத்தண்டைப் பால் வடிய வடிய எடுத்துவந்து, எசமானின் இரண்டு கையிலும் பணிவாக வைத்தான். எண்ணெய் தடவாமல் யாரும் பலாவை அறுக்க மாட்டார்கள். ஜமீன்தாரோ சுளையைத் தவிர வேறெதையும் தொட்டறியாதவர். தண்டைக் கீழே போட்டுவிட்டு, வழக்கம்போல மீசையை முறுக்கினார். கை அங்கேயே நின்றுவிட்டது. விடுவிக்கப் போன மறு கையும் திரும்பவில்லை.

"எங்கிருந்துடா வந்தது இந்தச் சனியன்?"

பொன்னுரங்கம் வாயைத் திறக்காமல், ஜன்னலுக்கு வெளியே நின்ற பலாமரத்தைக் காட்டினான்.

"எண்ணெய்! எண்ணெய் கொண்டாடா!"

ஒருவரும் அசையவில்லை. அப்போதுதான் ஜமீன்தாருக்குத் தன் உத்தரவு ஞாபகம் வந்தது. தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் திரட்டிக் கத்தினார்.

"அட்ஹியர்! அட்ஹியர்!"

அர்த்தம் நன்றாகப் புரிந்துவிட்டதென்று வேலைக்காரர்கள் அத்தனை பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.