கடைசி பெஞ்சில் உட்கார்ந்த அதிகாரி

சிவந்திக்குளம் நடுநிலைப் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் கணக்கில் பெயில். கல்வி அதிகாரி பத்துப் பக்கத் திட்டத்தோடு வந்து இறங்கினார்.

"கடைசி பெஞ்சு முழுக்க மக்குங்க. மூணு மாசத்துல மார்க் ஏறலேன்னா இந்த வகுப்பையே மூடிருவேன். பிள்ளைங்க டவுனுக்கு நடக்கட்டும்" என்றார்.

பள்ளிக்கூடம் பெருக்கும் மாடத்தி துடைப்பத்தைச் சாத்திவிட்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, போர்டுல கெடக்குற கணக்கை அந்தக் கடைசி பெஞ்சுல உக்காந்து போட்டுக் காட்டுங்களேன்."

"எனக்கே பரீட்சையா?" என்று சிரித்துக்கொண்டே அதிகாரி அங்கே போய் உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுக் கொடுத்தார். தலைமையாசிரியர் வாங்கிப் பார்த்துத் தயங்கினார்.

"மூணை எட்டுன்னு எழுதியிருக்கீங்க சார். பிள்ளைங்களும் இப்படித்தான் எழுதுதுங்க."

அதிகாரி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். வெளுத்துப்போன போர்டில் சன்னல் வெயிலும் விழ, எழுத்தே பிடிபடவில்லை.

"இதுக்கு என்னம்மா செய்யணும்?"

"போர்டு கறுக்க, கரியும் கோவையிலையும் அரைச்சுப் பூசணும். மேலிடத்து உத்தரவில்லாம போர்டைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க ஐயா."

அதிகாரி திட்டத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "பூசு. வகுப்பை மூடுற பேச்சு இனி இல்ல. எப்ப முடியும்?"

"அரைச்ச சட்டி உங்க பெஞ்சுக்கு அடியிலதான் இருக்கு. காலை எடுத்தீங்கன்னா இப்பவே ஆரம்பிச்சிருவேன்."